பெங்களூரு வரலாற்று விழா: எந்த உரைக்குப் போகலாம், எந்த நடைக்குப் போகலாம்?

உங்கள் கேள்வியின் சாரம் இது. ஒயிட்ஃபீல்டில் குடியிருக்கிறீர்கள். நகர வரலாற்று விழாவின் நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்திருக்கிறது. இரண்டு வார இறுதிகளுக்கு உரைகளும் மரபு நடைகளும் பக்கம் பக்கமாக நீள்கின்றன. எட்டாம் வகுப்பு படிக்கும் மகளையும் எழுபதைக் கடந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு எதற்குப் போவது? தமிழர்களைப் பற்றித் தனியாக ஒரு நிகழ்ச்சிகூட இல்லையே, அப்படியானால் இந்த ஊரில் நமக்கு வரலாறே கிடையாதா? கட்டண நடைகள் கொடுக்கும் பணத்துக்குத் தகுமா?

நடுக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கான பதில் அதிலிருந்துதான் வருகிறது.

தனித் தலைப்பு இல்லாததற்காக வருந்த வேண்டாம். பேட்டை (பழைய சந்தை நகர்) நடை, கண்டோன்மென்ட் (ஆங்கிலேயர் அமைத்த ராணுவக் குடியிருப்பு) நடை, ஏரி நடை, கல்வெட்டு உரை, பிளேக் காலத்தைப் பற்றிய உரை என்று நிரலில் இருக்கும் ஒவ்வொன்றுக்குள்ளும் தமிழ் பேசியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மட்டும் தனியே பிரித்தெடுத்து ஒரு மணி நேரத்தில் சொல்ல முயன்றால் பாதி பொய்யாகிவிடும். கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது, மராத்தி பேசியவர்கள் ஒரே ஏரியின் தண்ணீரைக் குடித்து, ஒரே சந்தையில் விலை பேசி வாழ்ந்த ஊர் இது. ஆகவே தலைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்த இடத்துக்கு அழைத்துப் போகிறார்கள், அங்கே எதைக் காட்டப்போகிறார்கள் என்று பாருங்கள். என் பரிந்துரை முழுவதற்கும் இதுதான் அடிப்படை.

உங்கள் வீட்டுப் பக்கமே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. ஊதா நிற மெட்ரோ வழித்தடத்தில் பட்டந்தூர் அக்ரஹாரா என்ற நிலையத்தைக் கடந்துதான் நகருக்குள் போவீர்கள். ஐ.டி. பூங்காவுக்குப் பெயர்பெற்ற அந்தப் பகுதியில் 1043ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. முதலாம் ராஜேந்திர சோழனின் ஆட்சி முடியும் தறுவாயில் பொறிக்கப்பட்டது. பெர்மாடி காவுண்டரின் மகன் ராஜராஜ வேளான் பட்டந்தூர் ஏரியை வெட்டி, மதகு அமைத்து, பிள்ளையாரையும் துர்க்கையையும் க்ஷேத்திரபாலரையும் எழுந்தருளச் செய்த செய்தியைச் சொல்கிறது. அந்த இரண்டு பெயர்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தந்தையின் பெயர் கன்னட நாட்டுத் தலைவர்களுக்கு உரியது. மகனோ சோழப் பேரரசனின் பெயரையும் வேளான் என்ற பட்டத்தையும் தாங்கியிருக்கிறார். கல்வெட்டின் மொழி தமிழ். இவர் தமிழரா கன்னடரா என்று இன்றைக்கு நாம் கேட்கும் கேள்வி அவருக்கு விளங்கியிருக்குமா என்பதே ஐயம்தான். ஆட்சி மாறியதும் உள்ளூர்த் தலைவர்கள் புதிய ஆட்சியோடு இணைந்து, அதன் பெயர்களையும் ஆவண மொழியையும் ஏற்றுக்கொண்டார்கள். ஊருக்குத் தேவையான ஏரியை வெட்டும் வேலை மட்டும் ஆட்சிக்கு ஆட்சி தொடர்ந்தது.

கங்கர்கள் ஆண்ட தென் கர்நாடகப் பகுதியான கங்கபாடியைச் சோழர்கள் கைப்பற்றியது 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் 1116இல் கங்கர்களின் பழைய தலைநகரான தலைக்காட்டைப் பிடித்ததோடு அவர்களின் பிடி தளர்ந்தது. அத்தோடு தமிழ்க் கல்வெட்டுகளும் நின்றிருக்க வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். நிற்கவில்லை. மடிவாளா சோமேஸ்வரர் கோயிலின் வெளிச்சுவரில் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைக் கோயிலுக்கு வழங்கிய செய்தி அது. நிலத்தைத் தந்தவர் வேப்பூரைச் சேர்ந்தவர். வேப்பூர் என்பது இன்றைய பேகூர். அதே கோயிலில் தாமரைக்கிரை என்ற இடத்தைக் குறிப்பிடும் கல்வெட்டும் உண்டு. அது இன்றைய தாவரெகெரே என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். டோம்லூர் சொக்கப்பெருமாள் கோயிலிலும் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அழகியார் என்பவர் கோயிலுக்கு இரண்டு நிலைக்கால்கள் செய்து கொடுத்ததை அவற்றுள் ஒன்று சொல்கிறது. இந்த வட்டாரத்தை இலைப்பாக்க நாடு என்று எழுதுகிறார்கள். இன்றைய எலஹங்காதான் அது. இவையெல்லாம் ஹொய்சளர் காலத்தவை. ஹொய்சள அரசு இரண்டாகப் பிரிந்திருந்தபோது, சமயபுரத்தை அடுத்த கண்ணனூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட ராமநாதனின் பங்கில் இந்தப் பகுதியும் இருந்தது. கன்னட வம்சத்து அரசனின் கீழ், கன்னட நாட்டில், ஊர்க் கணக்கு தமிழில் எழுதப்பட்டது. 'எங்கள் மண்', 'உங்கள் மண்' என்று கத்துகிறவர்களை இந்தக் கோயில் சுவர்களின் முன் நிறுத்தினாலே போதும்.

ஆகவே நிரலில் கல்வெட்டு பற்றிய உரை எது இருந்தாலும் அதற்கு முதலிடம் கொடுங்கள். அது முதல் வார இறுதியில் வந்தால் இன்னும் நல்லது. உரையைக் கேட்டுவிட்டு இடத்துக்குப் போகிறவருக்குச் சுவர் பேசும். கேட்காமல் போகிறவருக்கு அது வெறும் கருங்கல். பெங்களூரு மாவட்டக் கல்வெட்டுகளைத் திரட்டி 1905இல் 'எபிகிராபியா கர்நாட்டிகா' வரிசையின் ஒன்பதாம் தொகுதியாக வெளியிட்டவர் பெஞ்சமின் லூயிஸ் ரைஸ். இந்த ஊரிலேயே 1837இல் பிறந்தவர். அவர் பதிவு செய்த கற்களில் எத்தனையோ இன்றைக்கு அந்தந்த இடங்களில் இல்லை. சாலைக்கு, வடிகாலுக்கு, வீட்டு அடித்தளத்துக்குப் போய்விட்டன. இருப்பவற்றையாவது காப்பாற்ற வேண்டும் என்று, 1909இல் தொடங்கப்பட்ட மிதிக் சொசைட்டி என்ற வரலாற்று ஆய்வு அமைப்பு, கற்களை முப்பரிமாண ஸ்கேன் செய்து வருகிறது. அந்தப் பணியைச் சார்ந்தவர்கள் யாராவது பேசுவதாக இருந்தால் தவறவிடாதீர்கள். ஹெப்பாளில் 2018இல் வடிகால் தோண்டும்போது வெளிவந்த கிட்டய்யா நடுகல், ஏறத்தாழ 750ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இந்நகரில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழைய கன்னடக் கல்வெட்டு அது. ஒரு கடப்பாரை சற்றுத் தள்ளி இறங்கியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

இனி வழிகாட்டிகளைப் பற்றி. நல்ல நடையையும் மோசமான நடையையும் பிரித்தறிய ஒரே ஒரு கேள்வி போதும்: "இதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" கல்வெட்டா, வரைபடமா, நகராட்சி அறிக்கையா, ஒரு பயணியின் குறிப்பா, இல்லை பாட்டி சொன்ன கதையா? நல்ல வழிகாட்டிகள் இந்தக் கேள்வியை விரும்புவார்கள். மற்றவர்கள் பேச்சை மாற்றுவார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. வேட்டையில் வழி தவறிய ஹொய்சள மன்னன் வீரபல்லாளனுக்கு ஒரு கிழவி வேகவைத்த பயறு கொடுத்தாள், அதனால்தான் ஊருக்கு 'பெந்தகாளூரு' (வெந்த பயற்றின் ஊர்) என்று பெயர் வந்து பெங்களூரு ஆனது என்ற கதையைச் சொல்லாமல் எந்த நடையும் தொடங்குவதில்லை. அந்த மன்னனின் ஆட்சிக் காலம் 1173 முதல் 1220 வரை. ஆனால் பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் 9ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த நடுகல் ஒன்று, 'பெங்களூருப் போரில்' இறந்த புட்டணசெட்டி என்ற வீரனைப் பற்றிப் பழங்கன்னடத்தில் பேசுகிறது. மன்னன் பிறப்பதற்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே ஊருக்குப் பெயர் இருந்திருக்கிறது. கதையைச் சொல்லக் கூடாது என்பதல்ல. கதையைக் கதை என்றும் கல்லைக் கல் என்றும் பிரித்துச் சொல்லும் நேர்மை வேண்டும். நகரை நிறுவிய கெம்பேகவுடரின் மருமகள் லட்சுமிதேவி கோட்டை வாசலுக்காகத் தன்னையே பலி கொடுத்தாள் என்ற கதைக்கும் இதுவே பொருந்தும். கோரமங்களாவில் அவளுக்கு நினைவிடம் இருக்கிறது. மக்கள் அவளை எப்படி நினைக்கிறார்கள் என்பதும் வரலாறுதான், கேட்கத் தகுந்ததுதான். ஆனால் கோட்டை எழுந்த 1537ஆம் ஆண்டில் அங்கே நடந்த நிகழ்ச்சிக்கு அதைச் சான்றாக்க முடியாது.

பேகூருக்கு நடை இருந்தால் மகளை அழைத்துப் போங்கள். நடுகல்லைப் பார்க்கும் முறையை அவளுக்கு முன்பே சொல்லிக் கொடுங்கள். நடுகற்களில் பெரும்பாலும் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கீழ் அடுக்கில் போர். நடுவில் தேவமகளிர் வீரனைத் தூக்கிச் செல்வது. மேலே சிவலிங்கத்தின் முன் அவன் அமர்ந்திருப்பது. தமிழ் கல்வெட்டுகள் இருக்கும் கோயில்களில் அவளுக்கு வேறொரு வேலை கொடுக்கலாம்: 'ஸ்வஸ்திஸ்ரீ' என்ற தொடக்கத்தைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அக்காலத்துத் தமிழ் எழுத்து இன்றைய எழுத்திலிருந்து மாறுபட்டிருந்தாலும், சிறிது பழகினால் க, ட, ப, ம போன்றவை பிடிபடும். புள்ளி பெரும்பாலும் இருக்காது. கைப்பேசி விளக்கைக் கல்லுக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகள் நிழலோடு எழும்பும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸோ மாவோ எண்ணெயோ தேய்க்கக் கூடாது. அப்படித் தேய்ப்பவர் யாராக இருந்தாலும், நடையை நடத்துபவராகவே இருந்தாலும், தடுத்துவிடுங்கள். ஆயிரம் ஆண்டு தாங்கிய கல் நம் ஒரு புகைப்படத்துக்காகப் பாழாகக் கூடாது.

பேட்டை நடைகள் காலை ஏழு மணிக்குத் தொடங்குபவையாக இருந்தால் மட்டும் போங்கள். பத்து மணிக்கு மேல் சிக்பேட்டையில் வழிகாட்டியின் குரல் கேட்காது. அவென்யூ ரோடுதான் பழைய தொட்டபேட்டை. பாலேபேட்டை, நகரத்பேட்டை, தரகுபேட்டை, கப்பன்பேட்டை என்று தொழிலும் சாதியும் வணிகமும் சார்ந்து அமைந்த தெருக்கள் இன்றும் ஏறத்தாழ அதே கோடுகளில் ஓடுகின்றன. அவென்யூ ரோட்டில் ஒரு தேவாலயம் இருக்கிறது. கல்வெட்டு ரைஸின் தந்தை பெஞ்சமின் ஹோல்ட் ரைஸின் நினைவாகப் பெயர் பெற்றது. கே.ஆர். மார்க்கெட் பக்கம் எஞ்சியிருக்கும் கோட்டைப் பகுதியில், 1791 மார்ச் 21 அன்று காரன்வாலிஸின் படை சுவரை உடைத்து நுழைந்த இடத்தைக் குறிக்கும் பலகை உண்டு. அதையொட்டி 1689இல் சிக்கதேவராயர் கட்டிய வெங்கடரமணர் கோயில், திப்புவின் கோடைக்கால அரண்மனை. இவற்றை எல்லா நடைகளிலும் காட்டுவார்கள், நான் விரிக்கவில்லை.

பேட்டையில் நான் அவசியம் என்று நினைப்பது திகளர்பேட்டை தர்மராயசுவாமி கோயில். ஆண்டுதோறும் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் கரகத் திருவிழாவின் மையம் அது. பாண்டவர்களையும் திரௌபதியையும் வழிபடும் இந்த மரபு, வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்துத் தீ மிதிக்கும் மரபின் உறவு. செஞ்சி, திண்டிவனம் பக்கம் இருந்து வந்த உங்கள் அம்மா போன்றவர்களுக்கு, வழிகாட்டி சொல்வதைவிட அங்கே அதிகம் புரியும். திகளர்கள் தோட்டக்காரச் சமூகம். தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து இந்நகரின் ஏரிக்கரைகளில் காய்கறியும் பூவும் விளைத்தவர்கள். இன்றைய கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கும் இடத்தில் சம்பங்கி ஏரி இருந்தது. ஏரி போன பிறகும், மிச்சமாக விடப்பட்ட சிறு குளத்துக்குக் கரகச் சடங்குக்காக அவர்கள் வருகிறார்கள். ஓர் ஏரி எங்கே இருந்தது என்று அறிய வரைபடம் தேவையில்லை; அதன் நீரை நம்பியிருந்தவர்களின் சடங்கு அந்த இடத்தை நினைவில் வைத்திருக்கிறது. கரக ஊர்வலம் காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்று செல்வதும் தலைமுறைகளாகத் தொடர்கிறது. இதையெல்லாம் திகளர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரே பேசுகிறார் என்றால், பேராசிரியரின் உரையை விட்டுவிட்டும் அங்கே போகலாம்.

கண்டோன்மென்ட் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்க் குடும்பங்களுக்கு அதுதான் மிக நெருக்கமான நிலம். மிகப் பெரும்பாலும் தவறாகக் காட்டப்படுவதும் அதுதான்.

1799இல் திப்பு வீழ்ந்த பிறகு ஆங்கிலப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியது. அங்கே காய்ச்சல் கொன்றது. ஆகவே 1809 வாக்கில் படையைப் பெங்களூருக்கு மாற்றி, பேட்டையிலிருந்து தள்ளி, அல்சூரை ஒட்டிய மேட்டில் தண்டு அமைத்தார்கள். அது மதராஸ் ராணுவம். சிப்பாய்கள் மட்டும் வரவில்லை. சமையற்காரர், வண்ணார், கொத்தனார், தச்சர், குதிரைக்காரர், தானிய வியாபாரி, ஒப்பந்தக்காரர் என ஒரு முழு ஊரே ஆர்க்காட்டிலிருந்தும் வேலூரிலிருந்தும் சென்னைப் பக்கத்திலிருந்தும் ஏறி வந்தது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட் நிலையம் வரை ரயில் வந்தபின் வரவு இன்னும் பெருகியது. 1881இல் மைசூர் மன்னருக்கு ஆட்சி திரும்பக் கொடுக்கப்பட்டபோதும் இந்தப் பகுதி மட்டும் சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் என்ற பெயரில், ஆங்கிலேய அரசின் பிரதிநிதியான ரெசிடெண்டின் கீழ் நின்றது. பேட்டைக்கு ஒரு நகராட்சி, தண்டுக்கு ஒரு நகராட்சி. நடுவில் கப்பன் பூங்கா. 1947 ஜூலை 26 அன்றுதான் அது மைசூருக்குத் திரும்பியது. 1949இல் இரண்டும் இணைந்து ஒரே மாநகராட்சி ஆயின. மொழி குறித்து இந்நகரில் பின்னர் எழுந்த பல மனக்கசப்புகளுக்கு வேர் இந்த 66 ஆண்டுப் பிரிவினையில் இருக்கிறது. அந்தக் கசப்பை விளக்காமல் அழகான பங்களாக்களை மட்டும் காட்டும் நடை எனக்கு ஏற்புடையதல்ல.

பெரும்பாலான கண்டோன்மென்ட் நடைகளில் சர்ச்சில் வந்துவிடுவார். 1890களின் இறுதியில் இங்கே இளம் அதிகாரியாக இருந்தார், கிளப்பில் 13 ரூபாய் பாக்கி வைத்துப் போனார், பேரேட்டில் அது இன்னும் இருக்கிறது என்பார்கள். அவர் குதிரையைப் பராமரித்தவர் யார், அவர் குளிக்க வெந்நீர் வைத்தவர் எந்தத் தெருவில் குடியிருந்தார், அவருக்கு மாதச் சம்பளம் என்ன என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயலும் வழிகாட்டியோடு எத்தனை முறை வேண்டுமானாலும் நடக்கலாம்.

நிரலில் அல்சூர், சிவாஜிநகர் நடை இருந்தால் அதைத்தான் உங்களுக்குச் சொல்வேன். அல்சூரில் சோமேஸ்வரர் கோயில், ஏரி, ஏரியை ஒட்டி மதராஸ் சாப்பர்கள் என்று அழைக்கப்படும் மதராஸ் பொறியாளர் படைப்பிரிவின் தலைமையகம். 1780இல் தோன்றிய படை அது. அதன் வீரர்களைத் 'தம்பி' என்று அழைப்பது இன்றும் வழக்கம். கங்காதர செட்டி ரோடு, அண்ணாசாமி முதலியார் ரோடு, சிவன் செட்டி கார்டன்ஸ் என்ற தெருப் பெயர்களை நின்று படியுங்கள். இங்கே பொருளீட்டி, இங்கேயே கொடுத்துவிட்டுப் போனவர்களின் பெயர்கள் அவை.

அவர்களுள் முதன்மையானவர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார். வறுமையோடு வந்து, வியாபாரத்திலும் கட்டட ஒப்பந்தத்திலும் உயர்ந்தவர். கப்பன் பூங்காவில் சிவப்பாக நிற்கும் அட்டாரா கச்சேரியை, இன்றைய உயர் நீதிமன்றத்தை, 1868இல் கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் அவர்தான். வரைபடம் ரிச்சர்ட் சாங்கியுடையது. எல்லா வழிகாட்டிகளும் சாங்கியைச் சொல்வார்கள். முதலியாரைச் சொல்பவர்கள் குறைவு. 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்கென்று அவர் தொடங்கிய பள்ளி, ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி அறக்கட்டளையாக அல்சூர் ஏரிக்கு அருகில் இன்றும் இயங்குகிறது. கட்டடத்தைக் காட்டும்போது வரைந்தவர், பணம் போட்டவர், செங்கல் சுமந்தவர் மூவரையும் பேச வேண்டும் என்பது என் பிடிவாதம். மூன்றாமவருக்குப் பெயர்ப்பலகை இல்லை என்பதால்தான் உரைகளில் அவரைத் தேட வேண்டியிருக்கிறது.

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையையும் காண்பீர்கள். 1991இல் நிறுவப்பட்டு, எதிர்ப்பு எழுந்ததால் பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. 1950இல் தொடங்கப்பட்ட பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் அங்கே பக்கத்தில்தான். மகள் இந்தச் சிலையின் கதையைக் கேட்டால் மழுப்பாமல் முழுவதையும் சொல்லுங்கள். மூடியிருந்த ஆண்டுகளையும் சொல்லுங்கள், இரண்டு மாநில முதல்வர்கள் ஒரே மேடையில் நின்ற நாளையும் சொல்லுங்கள்.

சிவாஜிநகர் பழைய பிளாக்பள்ளி. தூய மரியன்னை பசிலிக்கா, தண்டு மாரியம்மன் கோயில், ரஸ்ஸல் மார்க்கெட், மசூதிகள் எல்லாம் நடந்து சேரும் தூரத்தில். பசிலிக்காவின் தொடக்கத்தைச் செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவர்களோடு இணைத்துச் சொல்வார்கள். செப்டம்பர் 8 திருவிழாவுக்கு எல்லா மதத்தவரும் கூடுவார்கள்.

பிளேக் பற்றிய உரை இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1898 ஆகஸ்டில் வந்த அந்த நோய்தான் இன்றைய நகரின் உருவத்தைத் தீர்மானித்தது. நெரிசலான பேட்டையிலிருந்து மக்களை வெளியேற்ற மல்லேஸ்வரமும் பசவனகுடியும் விரைந்து வளர்ந்தன. தண்டில் பிளாக்பள்ளியின் நெரிசலைக் குறைக்க ஃபிரேசர் டவுன் எழுந்தது. அகலமான தெரு, வீட்டைச் சுற்றி இடைவெளி என்று நாம் 'பழைய பெங்களூரு' என்று ரசிப்பது பெருமளவில் அந்தச் சாவுக்கு அஞ்சி வரைந்த திட்டம். பிளேக் மாரியம்மன் கோயில்களும் அப்போது எழுந்தவைதான். கொரோனா காலத்தைக் கண்ட உங்கள் மகளுக்கு இது எளிதில் விளங்கும்.

விழாக்களில் எனக்குள்ள பெரிய குறை தொழிலாளர் வரலாறு. பின்னி மில் போன்ற ஆலைகளில் உழைத்தவர்கள், கோலார் தங்கவயலின் சுரங்கத்தில் இறங்கியவர்கள் பற்றிய நிகழ்ச்சி அரிது. 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் முதலில் போனது தங்கவயலுக்கு. பெங்களூருத் தெருவிளக்குகளுக்கு அது வந்தது 1905இல்தான். தங்கம் எடுத்தவர்களில் மிகப் பலர் வட ஆர்க்காட்டுப் பகுதியின் ஒடுக்கப்பட்ட சமூகத்தார். அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை தங்கவயலின் மாரிக்குப்பத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேரூன்றியது. கூலி வேலைக்கு வந்தவர்கள் என்ற ஒரு வரியில் அடங்காத, பத்திரிகை படித்து, சங்கம் வைத்து, சாதியை எதிர்த்து வாதாடிய மக்கள் அவர்கள். யாராவது இதைப் பேசுவதாக நிரலில் ஒரு மூலையில் இருந்தாலும் போய் அமருங்கள். கூட்டம் வந்தால்தான் அடுத்த ஆண்டும் வைப்பார்கள்.

கட்டணம் பற்றிக் கேட்டீர்கள். பதிவு செய்யுமுன் இரண்டு விவரங்களை விசாரியுங்கள்: ஒரு குழுவில் எத்தனை பேர், எத்தனை இடங்களில் நிற்பார்கள். இருபத்தைந்து பேருக்கு மேல் என்றால் பின்னால் நிற்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. இரண்டு மணி நேரத்தில் பதினைந்து இடம் காட்டுவதாகச் சொன்னால் எதையும் காட்டப்போவதில்லை என்று பொருள். ஐந்தாறு இடம், ஒவ்வொன்றிலும் ஆற அமரப் பேச்சு என்றால் கேட்கும் பணத்தைத் தாராளமாகக் கொடுங்கள். நல்ல வழிகாட்டி ஒரு தெருவுக்காக மாதக்கணக்கில் படித்திருப்பார். அந்த உழைப்புக்கு விலை உண்டு. பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ இருக்கும். அம்மாவுக்காக நீங்களோ மகளோ அவ்வப்போது தமிழில் சொல்ல வேண்டியிருக்கும். கன்னட நடையைத் தவிர்க்காதீர்கள். உள்ளூர்ப் பெரியவர்கள் தாமாக முன்வந்து பேசுவது அங்கேதான்.

அம்மாவால் நெடுநேரம் நடக்க முடியாது என்பதால் அவருக்கு உரைகளும் அருங்காட்சியகமும் ஏற்றவை. 1865இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் கஸ்தூரிபா ரோட்டில் இருக்கிறது. திறந்திருக்கும் நாளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கே ஆதகூர்க் கல் என்று கேளுங்கள். மண்டியா மாவட்டத்திலிருந்து வந்த 10ஆம் நூற்றாண்டுக் கல். 949இல் தக்கோலப் போரில் முதலாம் பராந்தக சோழனின் மகன் ராஜாதித்தன் யானை மேலேயே மாண்டதை நாம் சோழர் பக்கத்திலிருந்து படித்திருக்கிறோம். அந்தக் கல், ராஜாதித்தனைக் கொன்ற கங்க மன்னன் பூதுகனின் பக்கத்திலிருந்து அதே போரைச் சொல்கிறது. போரில் வீரம் காட்டிய மணலேரன், அரசனிடம் பரிசாகக் கேட்டு வாங்கியது காளி என்ற வேட்டை நாயை. அந்த நாய் ஒரு காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் மடிந்தன. நாயின் நினைவாகத்தான் அந்தக் கல் நடப்பட்டது. பன்றியும் நாயும் மோதும் சிற்பம் கல்லிலேயே இருக்கிறது. பேகூரின் புகழ்பெற்ற போர்க்காட்சி நடுகல் ஒன்றும் அதே இடத்தில் உண்டு. இந்த இரண்டையும் மட்டும் பார்க்க ஒரு காலை நேரத்தை ஒதுக்குங்கள். முதல் வார இறுதியில் கல்வெட்டு உரையும் அருங்காட்சியகமும்; இரண்டாவதில் சனிக்கிழமை காலை அல்சூர், சிவாஜிநகர், ஞாயிறு காலை பேகூர் அல்லது பேட்டை. வீடு திரும்பும் ஏதாவது ஒரு மாலையில் டோம்லூர்க் கோயிலில் இறங்கிவிட்டுப் போகலாம். பழைய மெட்ராஸ் ரோடு வழியாக வந்தாலும் அதிகச் சுற்று இல்லை.